வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் மனநல மதிப்பீடு

வலிப்பு நோயுள்ள குழந்தையின் உணர்வு நிலையையும் பிறரோடு பழகும் திறனையும் அறிவதற்கான மதிப்பீடு. வலிப்பு எத்தனை முறை வந்தது என்ற கணக்கு மட்டும் இதற்குப் போதாது. இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டரும் சகாக்களும் நடத்தி 1970இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் வேறு பாதிப்பில்லாத வலிப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. பொதுவாகக் குழந்தைகளிடம் அது 7 விழுக்காடே. நாட்பட்ட எந்த நோயும் குழந்தையை வாட்டத்தானே செய்யும் என்று கேட்கலாம். 2003இல் வெளியான பிரிட்டானிய ஆய்வு அதற்கு விடை தருகிறது: வலிப்புள்ளோரில் 37 விழுக்காடு, நீரிழிவுள்ளோரில் 11. ஆக, நோய் நீடிப்பது மட்டுமே காரணமன்று. மூளையின் இயக்கம், மருந்து, எப்போது விழுவோமோ என்ற அச்சம், வகுப்பில் மற்றவர் பார்க்கும் பார்வை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

இந்த மதிப்பீட்டுக்கு, ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம். 11 வயது முதல் குழந்தையே நிரப்பலாம். கவனச்சிதறல் பற்றிய வினாக்கள் மருந்தின் விளைவையும் மனச்சிக்கலாகக் கணக்கிட்டுவிடும் என்பது நியாயமான மறுப்பு. வலிப்பு மருந்துகளில் பினோபார்பிட்டால் ஓயாத பரபரப்பையும் லெவெடிரசெட்டம் எரிச்சலையும் உண்டாக்கக்கூடும். அதற்காக வினாத்தாளைக் கைவிட வேண்டியதில்லை. மருந்தை மாற்றும்போது முன்னும் பின்னும் நிரப்பவைத்தால் வேறுபாடு தெரியும். பெற்றோரின் விடையில் அவர்களுடைய கவலையும் ஏறியிருக்கும் (எப்படி ஏறாமல் இருக்கும்?). எனவே மதிப்பெண்ணை நோயறிதலாகக் கொள்ளக் கூடாது; அது உயர்ந்திருந்தால் குழந்தையிடம் தனியே பேசிக் கேட்க வேண்டும்.