மைதானத்திலிருந்து நிர்வாகத்திற்கு: ஹைதராபாத் குலாம் அஹமது

பத்மநாபபுரம் கோட்டைச் சுவருக்கு வெளியே, அஸருக்குப் பின் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். "ஆடி முடித்தபின் என்ன செய்வான்?" என்ற பெற்றோரின் கவலையும் நமக்குத் தெரியும். ஆடுகளத்தில் கற்றதை நிர்வாகத்திலும் பயன்படுத்த முடியும் என்பதற்கு குலாம் அஹமதுவின் வாழ்க்கை ஒரு சான்று.

பந்துவீச்சாளர்

1922-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உயரமான ஆஃப் ஸ்பின் பந்துவீச்சாளர். 1939-40 ரஞ்சிப் பருவத்தில் மதராஸ் அணிக்கு எதிராகவே முதலில் களமிறங்கினார். 1948-49-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமானார். 22 டெஸ்டுகளில் 68 விக்கெட்டுகள். முதல்தரப் போட்டிகளில் 407.

தமிழக ரசிகர்கள் நினைவில் கொள்ள வேண்டியது 1952 பிப்ரவரி. சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இரண்டாம் இன்னிங்ஸில் வினூ மன்கட்டும் குலாம் அஹமதுவும் ஆளுக்கு 4 விக்கெட்டுகளை வீழ்த்தினர். 1956-ல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 49 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்ததே அவரது சிறந்த டெஸ்ட் பந்துவீச்சு.

மூன்று டெஸ்டுகளில் அணித்தலைவராகவும் இருந்தார். 1958-59-ல் மேற்கிந்தியத் தீவுகளிடம் கான்பூரிலும் கல்கத்தாவிலும் தோற்றபின் விலகினார். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டுகளில் இந்தியாவுக்கு நான்கு அணித்தலைவர்கள்! நிர்வாகத்தின் தடுமாற்றம் ஆடுபவரை எப்படிப் பாதிக்கும் என்பதை அவர் உள்ளிருந்தே கண்டார்.

நிர்வாகி

ஆட்டத்தை விட்டாலும் கிரிக்கெட்டை விடவில்லை. ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றிய அவர், 1975 முதல் 1980 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் செயலாளராக இருந்தார். அயல்நாட்டு வாரியங்களோடு கடிதப் போக்குவரத்து, போட்டி அட்டவணை, பயண ஏற்பாடு என்று கைதட்டல் கிடைக்காத வேலைகள் நிறைந்த பொறுப்பு அது.

அக்காலத்தில்தான் இந்திய - பாகிஸ்தான் கிரிக்கெட் உறவு மீண்டும் துளிர்த்தது. 1960-61-க்குப் பின் நின்றுபோயிருந்த டெஸ்ட் தொடர், 1978-ல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது தொடங்கியது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் அணி இந்தியா வந்தது. அதன் தலைவர் ஆசிஃப் இக்பால், ஹைதராபாத்தில் பிறந்தவர். குலாம் அஹமதுவின் உறவினர். 1961-ல் பாகிஸ்தான் சென்று குடியேறியவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் விருந்தளிக்கும் வாரியத்தின் செயலாளர், மற்றவர் எதிரணித் தலைவர்! அத்தொடரை இந்தியா 2-0 என வென்றது.

குலாம் அஹமதுவுக்கு இது புதிதல்ல. 1952-ல் டெல்லியில் நடந்த முதல் இந்திய - பாகிஸ்தான் டெஸ்டிலேயே ஹேமு அதிகாரியுடன் கடைசி விக்கெட்டுக்கு 109 ரன்கள் சேர்த்தவர் அவர். அதில் அவர் எடுத்தது 50. உறவு ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம் என்ற வேறுபாட்டை அறிந்தவர்.

1983 உலகக் கோப்பை அணியைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவரும் இவரே. பெரிதாக எதிர்பார்க்கப்படாத அந்த அணி, ஜூன் 25-ல் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகளை 43 ரன்களில் வென்றது.

ஆசிஃப் இக்பாலும் இதே வழியில் நடந்தார். இங்கிலாந்தின் கென்ட் கவுண்டி அணிக்கு ஆடித் தலைமையும் ஏற்றவர், பின்னர் ஷார்ஜா போட்டிகளை அமைப்பதில் முன்னின்றார். அப்போட்டிகளின் வருவாயிலிருந்து முன்னாள் வீரர்களுக்குப் பண உதவி வழங்கப்பட்டது.

குலாம் அஹமது 1998-ல் காலமானார். பிள்ளை ஆட ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். கணக்கும் கடிதமும் எழுதப் பழக்குவோம். ஆட்டம் முடிந்த பிறகும் அவனுக்கு வேலை இருக்கும்.