பழைய சாமான் வண்டியும் ஒரு வானொலிப் பேச்சும்



பாரிசில் வாழும் நாங்கள் நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது உச்சரிக்கும் சொல் 'புபெல்'. குப்பைத்தொட்டி என்று பொருள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். எஜேன் புபெல் என்பவர் அக்காலத்தில் பாரிசை உள்ளடக்கிய சென் மாவட்டத்தின் அரச அதிபர். வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் மூடியுள்ள தொட்டிகளில்தான் குப்பையை வெளியே வைக்கவேண்டும் என்று 1883 நவம்பரில் அவர் ஆணை பிறப்பித்தார். அழுகும் பொருளுக்கு ஒன்று, கடதாசிக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று என்று மூன்று தொட்டிகள். இன்று நகரசபை மஞ்சள் மூடி, பச்சை மூடி என்று நமக்குப் படிப்பிக்கும் பாடம், பாருங்கள், ஒன்றரை நூற்றாண்டுப் பழசு!

அந்த ஆணையை மிகவும் எதிர்த்தவர்கள் 'சிபோனியே' என்ற கந்தல் பொறுக்குவோர். ஊரில் தெருத்தெருவாகக் கூவிவரும் போத்தல் பேப்பர்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்களோ முதுகில் கூடையும் கையில் கொக்கியுமாக இரவில் தெருக்குப்பையைக் கிளறி, கந்தலைக் கடதாசி ஆலைக்கும் எலும்பைப் பசை காய்ச்சுபவருக்கும் விற்றார்கள். குப்பை தொட்டிக்குள் போய், வண்டியும் வந்து அள்ளிக்கொண்டு போனால் அவர்கள் கதி என்ன? அந்தத் தொழில் மெல்லத் தேய்ந்தது. அதை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் கையிலெடுத்தவர்களைப் பற்றித்தான் இம்மாதம் பேச வந்தேன்.

எம்மாவுஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. நான் இந்நாட்டுக்கு வந்து முதலில் வாங்கிய மேசையும் இரண்டு சட்டிகளும் அவர்களுடைய கடையில் வாங்கியவைதான். விவிலியத்தில் வரும் எம்மாவு என்ற ஊரின் பெயர் அது. லியோன் நகரில் வசதியான குடும்பத்தில் 1912இல் பிறந்த ஆன்றி குரூஏஸ் என்பவர் குருவானவராகி, ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான தலைமறைவுப் போராட்டத்தில் அபே பியேர் என்ற பெயரைப் பெற்றார். போர் முடிந்ததும் 1945இல் பாராளுமன்ற உறுப்பினரானார். பாரிசின் கிழக்கே நெய்யி பிளெசான்சில் ஒரு பாழடைந்த பெரிய வீட்டை எடுத்துத் திருத்தினார். போர்க்காலம் முதல் அவரோடு உழைத்த லூசி குத்தாஸ் என்ற பெண்மணியும் இந்த இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவரை யாரும் அதிகம் பேசுவதில்லை.

1949இல் அங்கே வந்தவர் ஜோர்ஜ் லெகே. சிறைத்தண்டனை முடித்து வந்து தற்கொலைக்கு முயன்றவர். "உனக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை, வீடற்றவர்களுக்கு வீடு கட்ட எனக்கு உதவி செய்வாயா?" என்ற கருத்தில் அபே பியேர் கேட்டாராம். உதவி கேட்டு வந்தவனிடமே உதவி கேட்பதுதான் இயக்கத்தின் அத்திவாரம் ஆயிற்று.

1951 தேர்தலில் அபே பியேர் தோற்றார். பாராளுமன்றச் சம்பளம் நின்றது. சமூகத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போட அவர் தெருவில் கையேந்தினார். தோழர்கள் என்று அழைக்கப்பட்ட அங்கிருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. பிச்சைச் சோறு வேண்டாம், உழைத்துச் சாப்பிடுவோம் என்றார்கள். கந்தல் பொறுக்கும் தொழில் தெரிந்த ஒருவர் அவர்களுக்குள் இருந்தார். அப்படித்தான் வண்டி புறப்பட்டது. பழைய இரும்பு, கடதாசி, துணி, தளபாடம் எல்லாவற்றையும் சேர்த்து, தரம்பிரித்து, திருத்தி விற்றார்கள். அந்தப் பணத்தில் தங்கள் வயிற்றையும் பார்த்து, பிறருக்குக் கூரையும் போட்டார்கள்.

வானொலிக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1952இல் ரேடியோ லக்சம்பேர்க்கில் நடந்த கேள்வி பதில் போட்டியில் அபே பியேர் கலந்துகொண்டு 256,000 பிராங் வென்றார். அக்காலப் பழைய பிராங் அது. 1960இல் நூறு பழைய பிராங் ஒரு புதிய பிராங் ஆயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

பிறகு வந்தது 1954ஆம் ஆண்டின் கொடுங்குளிர். அவசர வீடமைப்புக்கு நூறு கோடி பிராங் ஒதுக்கும் யோசனையைப் பாராளுமன்றம் தள்ளிவைத்த அதே ஜனவரி இரவில், பழைய பேருந்து ஒன்றில் குடியிருந்த குடும்பத்தின் குழந்தை குளிரில் இறந்தது. வீடமைப்பு அமைச்சரை அந்தக் குழந்தையின் அடக்கத்துக்கு வரும்படி அபே பியேர் பகிரங்கக் கடிதம் எழுத, அமைச்சரும் வந்தார். பெப்ரவரி 1ஆம் திகதி, செபாஸ்தோபோல் பெருந்தெருவின் நடைபாதையில் ஒரு பெண் விறைத்து இறந்ததைச் சொல்லி அவர் அதே ரேடியோ லக்சம்பேர்க்கில் பேசினார். சில நிமிடப் பேச்சு. போர்வையும் அடுப்பும் பணமும் மலையாகக் குவிந்தன. வந்த பொருட்களை அடுக்க ஒர்சே ரயில் நிலையத்தையே திறந்துவிட வேண்டியதாயிற்று. இன்று அது ஓவியங்கள் நிறைந்த அருங்காட்சியகம். சில நாட்களில் பாராளுமன்றம் ஆயிரம் கோடி பிராங்கை அங்கீகரித்தது. குளிர்காலத்தில் குடியிருப்பவரை வெளியேற்றக்கூடாது என்ற சட்டம் 1956இல் வந்தது. நம்மவர் பலருக்கும் அந்தச் சட்டம் நிழல் தந்திருக்கிறது.

என் தொழில் கணக்கு. அதனால் எம்மாவுஸை ஐந்தொகைக் கண்ணோடும் பார்ப்பேன். அவர்களுடைய கொள்வனவுப் பத்தி ஏறக்குறையப் பூச்சியம். தனியார் நிறுவனம் வீட்டைக் காலி செய்யக் காசு வாங்கும், இவர்கள் விற்கக்கூடிய சாமானை இலவசமாக ஏற்றிப்போகிறார்கள். செலவு வண்டி, எரிபொருள், கட்டடம், தோழர்களின் உணவும் அறையும் சிறு கைச்செலவும். விற்க முடியாத பொருளை அகற்றுவதும் செலவுதான். ஆகவே கறைபட்ட மெத்தையைத் தானம் என்று கொடுத்தால் அது நன்கொடை அல்ல, கடன்!

பழைய துணியின் கதையும் இப்படித்தான். இயக்கத்தின் கிளையாக வடபிரான்சில் 1984இல் தொடங்கிய 'லு ரெலே' தெருக்களில் பெட்டி வைத்துத் துணி சேர்க்கிறது. அணிய முடியாத பருத்தித் துணியைச் சுவருக்குள் வைக்கும் குளிர்த்தடுப்புப் பஞ்சாக மாற்றவும் செய்கிறது. ஆனால் மலிவு நாகரிக உடைகள் பெருகப் பெருக, பெட்டியில் விழுவதன் தரம் குறைகிறது. தரம்பிரிக்கும் செலவுக்குக் கிடைக்கும் பணம் போதவில்லை என்று 2025 ஜூலையில் அவர்கள் சேகரிப்பையே சிலகாலம் நிறுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள்.

இன்னொரு பிணக்கு தோழர்களின் உழைப்பைப் பற்றியது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தனி அந்தஸ்துக் கொடுத்தது. அவர்கள் சம்பளத் தொழிலாளர் அல்லர். அடைக்கலம் தேடியவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் விசா இல்லாத ஒருவரிடம் "இங்கே வேலை செய், கடதாசி கிடைக்கும்" என்று சொல்லி வேலை வாங்கினால்? லீல் நகருக்கு அருகே சென் ஆந்திரேயில் உள்ள சமூகத்தில் 2023இல் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் நீதிமன்றம் அதன் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. கடதாசிக்காகக் காத்திருந்த அனுபவம் உள்ள நம் சமூகத்துக்கு அந்த வழக்கு தூரத்துச் செய்தி அல்ல.

அபே பியேர் 2007 ஜனவரியில் காலமானார். நாடே அழுதது. 2024 ஜூலையில், பல பெண்கள் மீது அவர் பாலியல் வன்முறை புரிந்ததாகக் கிடைத்த சாட்சியங்களை எம்மாவுஸ் அமைப்பே வெளியிட்டது. பின்னர் மேலும் சாட்சியங்கள் வந்தன. அவர் பெயரிலிருந்த வீடமைப்பு அறக்கட்டளை 2025இல் பெயரை மாற்றிக்கொண்டது. அவர் வாழ்ந்த எஸ்தெவில் என்ற ஊரிலிருந்த நினைவகம் மூடப்பட்டது. அவருடைய தாடியும் தலைமுடி வெட்டும் எப்படிப் புனிதத்தின் அடையாளமாகிவிட்டன என்று ரோலன் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். தர்மத்தின் படத்தைக் காட்டி நீதியை மறக்கிறோமோ என்பது அவர் கவலை. அதை எவ்வளவு பேர் காதில் போட்டுக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

சிலர் என்னிடம் கேட்டார்கள், இனி அந்தக் கடைக்குப் போவது சரியா என்று. நான் போகிறேன். பிச்சைச் சோறு வேண்டாம் என்று சொன்னவர்களும், கந்தல் தொழிலைக் கற்றுக்கொடுத்த அந்தப் பெயர் தெரியாத தோழரும், லூசி குத்தாஸும் கட்டியதை அபே பியேர் ஒருவரின் பற்றில் எழுதியது பிழையான பதிவு என்றே நினைக்கிறேன். இன்று சுமார் 40 நாடுகளில் இயக்கத்தின் குழுக்கள் இருக்கின்றன.

வீடு மாறும் நேயர்கள் அருகிலுள்ள சமூகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்து நாள் கேளுங்கள், வண்டிக்குப் பல வாரம் காத்திருக்க நேரலாம். அலுமாரியின் திருகாணிகளை ஒரு பையில் போட்டுக் கதவில் கட்டிவிடுங்கள்.