குடியிருப்பும் விருந்தறையும்: குமுளி ஹோம்ஸ்டேக்களின் உரிமமும் வரியும்

குமுளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடும் வீடு எந்த ஒரு சட்டத்துக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. நிலம் வருவாய்த் துறையின் பார்வையில் இருக்கிறது. கட்டடமும் தொழிலும் ஊராட்சியைச் சேர்ந்தவை. தரச்சான்று சுற்றுலாத் துறையிடமிருந்து வருகிறது. தங்குவோரின் அடையாள விவரம் காவல் துறைக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் உரியது. வருவாயின் மீதான வரி மாநிலத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் போகிறது. இவை ஒவ்வொன்றும் அந்த வீட்டுக்குத் தனித்தனி வரையறை வைத்திருக்கின்றன. உரிமையாளர் குடும்பம் அங்கே குடியிருக்கிறதா என்ற கேள்வியே இவை அனைத்துக்கும் பொது அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இன்று அந்தக் கேள்வியை நேராகக் கேட்பது சுற்றுலாத் துறை மட்டுமே.

இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில், தேனி மாவட்ட எல்லையை ஒட்டி குமுளி அமைந்துள்ளது. கம்பம், கூடலூர் கடந்து லோயர்கேம்ப்பிலிருந்து மலையேறும் சாலை இந்த ஊரில்தான் கேரளத்துக்குள் நுழைகிறது. 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையால் உருவான ஏரியைச் சுற்றியுள்ள காடு 1950இல் சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தேக்கடிப் படகுச் சவாரிக்கு வருவோர் தங்கும் ஊர் குமுளியே. கோடை விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும் ஒரு பருவம் என்றால், தமிழகத்திலிருந்து ஐயப்ப பக்தர்கள் வந்துசேரும் மண்டல, மகரவிளக்குக் காலம் இன்னொரு பருவம். ஏலக்காய் விலையும் மிளகு விலையும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் ஊரில், மிஞ்சும் இரண்டு அறைகளின் வாடகை ஒரு குடும்பத்துக்குப் பெரிய பிடிமானம்.

கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டயமண்ட், கோல்டு, சில்வர் என மூன்று தரங்களாக வகைப்படுத்துகிறது. விருந்தினருக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது என்பதும், உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வாழ வேண்டும் என்பதும் இதன் அடிப்படை நிபந்தனைகள். விண்ணப்பத்தோடு காவல் துறையின் நன்னடத்தைச் சான்றும் தர வேண்டும். இந்தத் தரச்சான்றால் கையில் கிடைக்கும் பயன் ஒன்று உண்டு. சுற்றுலாத் துறை அங்கீகரித்த ஹோம்ஸ்டேக்கு மின்கட்டணம் வணிக விகிதத்தில் அல்லாமல் வீட்டு விகிதத்திலேயே கணக்கிடப்படுகிறது. குடியிருப்பை அளவுகோலாக்கி அதற்கேற்ற சலுகையையும் தரும் இந்த ஏற்பாடு, மற்றத் துறைகள் பின்பற்றத் தக்க முன்மாதிரி. ஆனால் சான்று பெறுவதும் பெறாததும் உரிமையாளரின் விருப்பம். பெறாதவரும் இணையத் தளங்களில் அறையைப் பட்டியலிட்டு வாடகைக்கு விட முடிகிறது.

ஊராட்சியின் அதிகாரம் 1994ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்திலிருந்து வருகிறது. தொழில்களுக்கு உரிமம் வழங்குவதற்கான 232ஆம் பிரிவும், சொத்து வரிக்கான 203ஆம் பிரிவும், தொழில் வரிக்கான 204ஆம் பிரிவும் இங்கே முக்கியமானவை. கட்டட விதிகள் வீடுகளை ஒரு பிரிவிலும், தங்கும் விடுதிகளையும் ஓட்டல்களையும் சிறப்புக் குடியிருப்பு என்ற வேறு பிரிவிலும் வைக்கின்றன. வீடாக அனுமதி பெற்ற கட்டடம் விடுதியானால் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி தேவை. சொத்து வரி விகிதமும் உயரும். இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டுவிட்டு மூன்றாவதில் குடும்பத்தோடு வாழ்பவரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தின்படி கேட்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இடுக்கியில் இந்தச் சிக்கலின் ஆணிவேர் நிலத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் குடியேற்ற நிலங்களில் பெரும்பங்கு 1964ஆம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படியோ, 1977 ஜனவரி 1க்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியோருக்கான 1993ஆம் ஆண்டு சிறப்பு விதிகளின்படியோ பட்டயம் பெற்றவை. முன்னதில் சொந்தச் சாகுபடி, வீட்டுமனை போன்ற நோக்கங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பின்னது கடைமனையையும் சேர்த்துக்கொள்கிறது. விடுதி இரண்டிலும் இல்லை. மூணாற்றில் ரிசார்ட்டுகள் பெருகியபின் இந்த நிபந்தனை நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டது. 2019 ஆகஸ்ட் 22ஆம் நாள் அரசாணை, பட்டயம் எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டது என்பதற்கான வருவாய்த் துறைச் சான்றைக் கட்டட அனுமதிக்கு முன்நிபந்தனையாக்கியது. இதை எதிர்த்து மலைநாட்டில் கடையடைப்பும் போராட்டமும் நடந்தன. 2023 செப்டம்பரில் சட்டமன்றம் நிலப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் அதற்கு ஒப்புதல் அளித்தார். நோக்கம் மாறிப் பயன்படுத்தப்பட்ட நிலங்களை விதிகள் வகுத்து முறைப்படுத்தும் அதிகாரம் இதனால் அரசுக்குக் கிடைத்தது.

முறைப்படுத்தல் என்ற சொல்லுக்குள் இரு வேறு வகையினர் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். ஏலத்தோட்டத்தை வெட்டிப் பல மாடி விடுதி கட்டியவர், பட்டய நோக்கத்தை மீறியவர். தாத்தா கட்டிய வீட்டில் வாழ்ந்துகொண்டே மாடியறையை விருந்தினருக்குத் தருபவர் வீட்டுமனையை வீட்டுமனையாகவே வைத்திருக்கிறார். சமையலறை, குடும்பம், தோட்டம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. இவரையும் மீறலை முறைப்படுத்தக் கட்டணம் செலுத்த வேண்டியவராகக் கருதுவது, பட்டயம் தந்ததன் நோக்கத்துக்கே ஒவ்வாதது. குடியேற்றக் குடும்பங்கள் மண்ணில் நிலைத்து வாழ வேண்டும் என்பதே அந்த விதிகளின் குறிக்கோள். விருந்தறை வாடகை அந்த வாழ்வைத் தாங்கி நிற்கிறது. ஆறு அறைக்குள், குடும்பம் வாழும் வீட்டை வீட்டுப் பயன்பாடாகவே கொள்வது என்று நிலச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் வெளிப்படையாகச் சொல்வது நியாயம்.

வரியின் கதை வேறு. 2017 ஜூலை 1க்கு முன் விடுதி அறைகள் மீது 1976ஆம் ஆண்டு கேரள ஆடம்பர வரிச் சட்டம் செயல்பட்டது; பின்னர் அது சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கரைந்தது. ஒரு நாளுக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு முதலில் இருந்த விலக்கு 2022 ஜூலை 18இல் நீக்கப்பட்டு, 7,500 ரூபாய் வரையான எல்லா அறைகளுக்கும் 12 விழுக்காடு வரி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது உள்ளீட்டு வரி வரவு இல்லாத 5 விழுக்காடு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளர் பதிவு செய்யத் தேவையில்லை என்பதால், குமுளியின் சிறிய ஹோம்ஸ்டேக்களில் நேரில் வந்து தங்குபவருக்கு இந்த வரி விழுவதில்லை. அதே அறை ஏர்பிஎன்பி போன்ற தளத்தின் வழியே பதிவானால், சட்டத்தின் 9(5) பிரிவின்படி தளமே வரி செலுத்தும் பொறுப்பை ஏற்கிறது. பதிவுபெறாத வீட்டுக்காரரின் அறைக்கும் வரி உண்டு. அது விருந்தினரின் பில்லில் சேர்கிறது. தளத்தின் தரகும் சேர, முன்பு 900 ரூபாய்க்கு வரியின்றிக் கிடைத்த அறையின் விலை உயர்கிறது. தளத்தின் வழியே ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டும் தனிநபரிடம் வருமான வரிக்காக 0.1 விழுக்காடு பிடித்தமும் உண்டு. 2024 அக்டோபர் 1க்கு முன் அது 1 விழுக்காடாக இருந்தது.

இந்த வரிகளில் எதையும் ஊராட்சி நேராகப் பெறுவதில்லை. விருந்தினர் விட்டுச் செல்லும் பாட்டிலும் உணவுக் கழிவும், கோடையில் தட்டுப்பாடாகும் தண்ணீரும், பருவகாலத்தில் நெரியும் சாலையும் ஊராட்சியின் பொறுப்பு. அதற்குக் கிடைப்பதோ சொத்து வரி, உரிமக் கட்டணம், ஹரித கர்ம சேனையின் கழிவு சேகரிப்புக்கான பயனர் கட்டணம், தொழில் வரி ஆகியவை. தொழில் வரிக்கு அரசமைப்பின் 276ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. சொத்து வரி 2023 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்துவந்தாலும், அது கட்டடத்தின் பரப்பைப் பார்க்கிறது. எத்தனை இரவு எத்தனை பேர் தங்கினார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. ஆண்டில் சில வாரம் மட்டும் அறை விடும் குடும்பத்தையும் முந்நூறு நாள் நிரம்பும் வீட்டையும் பரப்பளவால் பிரித்தறிய முடியாது. தங்கும் இரவுக்குச் சிறு தொகை என்ற முறையில் ஊராட்சிக்கே சேரும் கட்டணம் இதைவிட நேர்மையானது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அது நெடுநாளாக வழக்கத்தில் உள்ளது.

உலகின் பிற இடங்களும் குடியிருப்பு என்ற அளவுகோலையே நாடி வந்திருக்கின்றன. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைந்த வாடகையில் வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது என்ற விதியைப் பதிவுமுறையின் மூலம் அமல்படுத்துகிறது. ஆம்ஸ்டர்டாம் 2019இல் முழு வீட்டை விடும் இரவுகளை ஆண்டுக்கு 60இலிருந்து 30ஆகக் குறைத்தது. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா அடுக்ககங்களின் உரிமங்கள் அனைத்தையும் முடித்துவிடப்போவதாக 2024இல் அறிவித்தது. அந்நகரங்களின் நெருக்கடி உள்ளூர்வாசிகளுக்கு வாடகை வீடு கிடைக்காதது. மலையூரின் நெருக்கடி நிலமும் நீரும். ஆனாலும் வீட்டில் வாழ்பவரையும், வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து வெளியூரிலிருந்து நடத்துபவரையும் பிரித்து நடத்த வேண்டும் என்ற தெளிவு இரண்டுக்கும் பொருந்தும்.

இந்த அளவுகோலுக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. கேரளத்தில் வீட்டின் உரிமையாளர் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, பெற்றோரோ மனைவியோ வீட்டில் இருப்பது சாதாரணம். பத்திரத்தில் பெயருள்ளவர் அங்கே உறங்க வேண்டும் என்று விதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், உண்மையான குடும்பவீடுகளே வெளியே தள்ளப்படும். ஆகவே குடியிருப்பு என்பது உரிமையாளரின் நெருங்கிய குடும்பத்தினர் ஆண்டு முழுதும் வாழ்வது என்று வரையறுக்கப்பட வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது ஆகியவற்றால் அதை மெய்ப்பிக்கலாம். சரிபார்க்கும் வேலைக்குப் புதிய அலுவலகம் தேவையில்லை. வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு விவரம் அனுப்பும் கடமை ஹோம்ஸ்டேக்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கென வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டை உள்நாட்டு விருந்தினருக்கும் விரித்து, ஆண்டு உரிமப் புதுப்பிப்பின்போது இரவுகளின் எண்ணிக்கையை ஊராட்சிக்குத் தந்தால், இரவுக் கட்டணத்தைக் கணக்கிடவும் சுற்றுலாத் துறையின் தரச்சான்றைப் புதுப்பிக்கவும் அந்த ஒரே பதிவேடு போதும்.