கீரையில் இருந்து வந்த மாத்திரை

"டாக்டர், அந்த சத்து மாத்திரையை நிறுத்திட்டேன். வாந்தி வர்ற மாதிரி இருக்கு. இப்போ முருங்கைக்கீரைப் பொடிதான் ரெண்டு வேளையும் கலக்கிக் குடிக்கிறேன். அதுதானே இயற்கை?"

ஐந்து மாத கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 8.2. இந்த மாதிரி கேள்வி வாரத்துக்கு ரெண்டு மூணு வருது. ஓ.பி. வரிசையில் நின்னுக்கிட்டு முழுசா பதில் சொல்ல முடியாது, அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. ஏன்னா அந்த மாத்திரையோட கதையே கீரையில்தான் இருக்கு.

1928. பம்பாய். பிரசவத்தில் பெண்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று ஒரு விசாரணை நடக்கிறது. அதற்காக லண்டனில் இருந்து லூசி வில்ஸ் என்ற டாக்டர் வருகிறார். வயது 40. மருத்துவத்துக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தவர். (பெண் என்பதால் கேம்பிரிட்ஜ் அவருக்கு முறையான பட்டம் தரவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க அவங்களுக்கு 1948 வரைக்கும் ஆச்சு.)

அங்கே மில் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் கர்ப்ப காலத்தில் வெளுத்துப் போய், மூச்சு வாங்கி வருகிறார்கள். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு விசித்திரம். சாதாரண இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணு சின்னதா, வெளிறிப் போய் இருக்கும். இவர்களுக்கோ சிவப்பணு பெரிசு பெரிசா இருந்தது. எண்ணிக்கை மட்டும் குறைவு.

அன்றைக்கு இப்படிப் பெரிய அணுக்களோடு வரும் ஒரு ரத்தசோகைக்கு வைத்தியம் தெரியும்: ஈரல். தினமும் கால் கிலோ அளவுக்கு ஈரல் சாப்பிடச் சொல்வார்கள். 1926-ல் மைனாட்டும் மர்ஃபியும் அதைக் காட்டினார்கள், 1934-ல் நோபலும் வாங்கினார்கள். ஆனா மில் தொழிலாளி வீட்டுல தினமும் ஈரலுக்கு எங்க போறது?

வில்ஸ் முதலில் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பம்பாயின் பல தரப்புப் பெண்களின் சாப்பாட்டையும் ரத்தசோகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏழை முஸ்லிம் பெண்களின் சாப்பாடுதான் மிக மோசம், நோயும் அவர்களிடம்தான் அதிகம். கிருமியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் தட்டைப் பார்த்தார்.

பிறகு நம்ம ஊருக்கும் வந்தார். 1929-ல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி. 1931-ல் மெட்ராஸில், இன்றைக்கும் திருவல்லிக்கேணிக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிறார்களே, அங்கே வேலை பார்த்தார்.

அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்குச் சாப்பாடு போட்டார். எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. அருமை! ஆனா பின்னாடிதான் தெரிஞ்சது, அந்த எலிகளுக்குப் பேன் இருந்திருக்கு, பேன் வழியா வந்த ஒரு கிருமியும் ரத்தத்தைக் குறைச்சிருக்கு. தப்பான வழியில் போய் சரியான வீட்டுக் கதவைத் தட்டின கதை. ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம்.

அப்புறம் குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார், பெண்களுக்கும் கொடுத்தார். கொடுத்தது மார்மைட். பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்டில் இருந்து எடுக்கும் கறுப்புப் பசை, பிரிட்டனில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். விலை குறைவு. ரத்தம் ஏறியது. 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. "வில்ஸ் ஃபேக்டர்" என்று பேர் வைத்து விட்டுவிட்டார்கள்.

அந்தப் பேர் தெரியாத பொருள் வேறொரு மூலையில் கிடைத்தது. 1941, டெக்சாஸ். பாக்டீரியா வளர என்ன வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூன்று பேரும் பசலை இனத்துக் கீரையான ஸ்பினாச்சை வாங்கினார்கள். எவ்வளவு தெரியுமா? 4 டன். இவ்வளவையும் அரைத்து, வடித்து, சுருக்கினால் கையில் கிடைத்தது துளியூண்டு. லத்தீனில் இலைக்கு "ஃபோலியம்". அதனால் ஃபோலிக் ஆசிட். இலை அமிலம் என்று சொல்லலாம்.

4 டன் என்ற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்யும் வழியை 1945-ல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் லெடர்லி கம்பெனியில் ஒரு குழு. அதற்குத் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். கதர் உடுத்தினார் என்ற கோபத்தில் அவருக்கு எம்.பி.பி.எஸ். தராமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய சகோதரர் இறந்தது ஸ்ப்ரூ என்ற குடல் நோயால். ஃபோலிக் ஆசிட் குறைந்துபோகும் நோய்களில் அதுவும் ஒன்று. 1948-ல் இவரும் போய்விட்டார், 53 வயதில். நம்மில் எத்தனை பேருக்கு இவர் பேர் தெரியும்?

செல் ரெண்டாகப் பிரிய டி.என்.ஏ. செய்யணும். அதுக்கு ஃபோலேட் வேணும். இல்லைன்னா செல் பிரிய முடியாம வீங்கி நிற்கும். பம்பாயில் பார்த்த பெரிய அணு அதுதான். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு நிமிஷமும் செல் பிரியுது, அதனாலதான் தாய்க்கு முதல்ல காலியாகுது. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடுவது கரு உண்டான 28 நாளுக்குள், பல பேருக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரம். ஏற்கெனவே அந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு முன்கூட்டியே ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் அது மீண்டும் வருவது 72% குறைகிறது என்று 1991-ல் பிரிட்டன் ஆய்வு காட்டியது.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். கீரையில் ஃபோலேட் இருக்கு, பேரே அங்கிருந்துதான். ஆனா அது வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்த சத்து, தண்ணியிலும் கரையும். காய வச்சு, அரைச்சு, மாசக்கணக்கா டப்பாவில் இருக்கிற பொடியில் எவ்வளவு மிஞ்சும்னு டப்பா மேல இருக்கிற படம் சொல்லாது. இரும்பும் அப்படித்தான். ஒரு ஸ்பூன் பொடி 5 கிராம் வரும், அதில் இரும்பு ஒன்றிரண்டு மில்லிகிராம். உடம்பு எடுத்துக்கிறது அதிலும் ஒரு பகுதி. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம்.

இன்னொண்ணு, சைவம் சாப்பிடுறவங்களுக்கு. கீரையில் பி12 கிடையாது. ஸ்பைருலினா டப்பாவில் பி12 என்று போட்டிருந்தாலும் அதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு வேலை செய்யாத போலி. பி12 குறைவுக்கு வெறும் ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். 1940-களில் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. அதனால நீங்களே கடையில வாங்கிப் போடாதீங்க. இதய வால்வு ஆபரேஷன் செஞ்சு வார்ஃபரின் சாப்பிடுறவங்க எந்தப் பச்சைப் பொடியும் டாக்டர்கிட்ட கேட்காம தொடாதீங்க, வைட்டமின் கே அந்த மருந்தை முறிக்கும்.

அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது இதுதான். "பொடியைத் தூக்கிப் போட வேணாம்மா, அடை மாவுல கலந்துக்கோ. கீரையும் பருப்பும் தினம் சேர்த்துக்கோ, எலுமிச்சை பிழிஞ்சுக்கோ. மாத்திரையை மட்டும் விடாதே. உனக்கு இப்போ ரெண்டு வேளை வேணும். வாந்தி வந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, ராத்திரி படுக்கும்போது போடு. டீயோட வேணாம்." மலம் கறுப்பா போகும், பயப்படாதேன்னும் சொன்னேன். முன்னாடி மாத்திரையை நிறுத்தினதுக்கு அதுவும் ஒரு காரணமாம், வெட்கப்பட்டு சொல்லலை.

நாலு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கேன்.