தங்க ஓர் இடம்

ஒவ்வொரு நவராத்திரிக்கும் வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இடம்பெயர்ந்ததன் விளைவாக எழுந்த வழக்கம் இது. வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவுத் தங்கல். களியக்காவிளையில் தமிழகக் காவல்துறை விடைகொடுக்க, கேரளக் காவல்துறை அணிவகுத்து வரவேற்கும். நகருக்குள் சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை, வெள்ளிக் குதிரையில் வரும் குமாரசுவாமிக்கு ஆரியசாலைக் கோயில். எங்கே தங்குவது, யார் காவல், எல்லையில் யார் பொறுப்பு எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. ஊர்விட்டு வருவோரின் பாதுகாப்பு இரக்கத்தைவிட ஏற்பாட்டையே அதிகம் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆரியசாலையில் உள்ள ‘சாலை’ என்ற சொல்லுக்கு வழி என்ற பொருளோடு, அறச்சாலை என்பதுபோல், வந்தவரை ஏற்கும் கூடம் என்ற பொருள் உண்டு. பாலினத்தாலும் காதலாலும் வீடிழந்தவர்களுக்கு வழி மட்டுமே கிடைத்தது, கூடம் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். நிவாரணம் குடும்ப அட்டையை வைத்துக் கணக்கிடப்பட்டது. அன்று அரவாணிகள் என்று அழைக்கப்பட்ட திருநங்கைகளில் பலர் பெற்றோர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள். அவர்களுக்குத் தனி அட்டை கிடையாது. அட்டை இல்லாதவர் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாதவருக்கு அரிசியும் இல்லை, கூரையும் இல்லை. தற்காலிகக் குடியிருப்புகளில் பாலியல் தொல்லையும் நேர்ந்தது. இவற்றைக் களஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். தமிழகத்தில் திருநங்கையர் நல வாரியம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். ‘பேரிடர் எல்லோருக்கும் பொதுவானது, அதில் தனிக் கவனிப்பு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அலை பொதுவானதுதான். ஆனால் படிவம் பொதுவாக இல்லை. ஆண், பெண், குடும்பத் தலைவர் என்ற கட்டங்களுக்குள் அடங்காதவரை அது வெளியே தள்ளியது. அதைத் திருத்தக் கேட்பது சலுகை ஆகாது. மற்றவருக்குக் கிடைத்த அதே மூட்டை அரிசியைக் கேட்பதுதான்.

வெள்ளமும் போரும் இல்லாமலே பெயர்க்கப்படுபவர்களும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறைக்கும் அரசுக்கும் நெறிகளை வகுத்தார். காணவில்லை என்ற புகாரில், தாமாகவே சேர்ந்து வாழும் வயதுவந்தோர் என்று தெரிந்தால் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். விடுதிகளில் இடம் தர வேண்டும். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றமும் ஆட்கொணர்வு மனுக்களுக்கு நெறி வகுத்தது. பெற்றவர்களின் தவிப்பு பொய்யில்லையே என்பார்கள். பொய்யில்லைதான். ஆனால் வயதுவந்த ஒருவரை அறைக்குள் பூட்டும் உரிமையை அந்தத் தவிப்பு யாருக்கும் தருவதில்லை. பல நேரங்களில் ஓடிவந்த வீடே ஆபத்தான இடமாக இருக்கிறது. அங்கேயே திருப்பி அனுப்புவதைக் காப்பாற்றல் என்று சொல்ல முடியாது. ஆபத்து காத்திருக்கும் நாட்டுக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உலகம் ஏற்ற நெறி. பாலின அடையாளத்தாலும் பாலீர்ப்பாலும் துரத்தப்படுவோருக்கும் அது பொருந்தும் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012-ல் வழிகாட்டியது. மாநிலத்துக்குள் ஓடுபவருக்கும் அதே நியாயம்தான்.

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். இந்தியாவிலேயே முதலாவதாக 2015-ல் திருநர் கொள்கையை வெளியிட்டது கேரளம். 2017-ல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் விலகினார்கள். தங்க அறை கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அரசு வேலை கொடுத்தது, ஊர் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. அதனால் பேரிடர்த் திட்டத்தில் திருநருக்கான தங்குமிடமும் கழிப்பறையும் இப்போதே எழுதப்பட வேண்டும். காவல் நிலையத்தில் புகாரை ஏற்பவருக்கு இந்தத் தீர்ப்புகள் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்று பலகை மாட்டுபவர், வந்து கேட்பவரின் குரலையும் உடையையும் பார்த்துக் கதவைச் சாத்தாமல் இருக்க வேண்டும். நவராத்திரிக்கு விருந்தாக வரும் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் இடம் ஒதுக்கத் தெரிந்த ஊர் இது. துரத்தப்பட்டு வரும் மனிதருக்கும் அது ஓர் அறை ஒதுக்கட்டும்.