போர்ஷே 911 தொங்கல் உயரச் சமனின்மை

போர்ஷே 911 தொங்கல் உயரச் சமனின்மை என்பது, முறுக்குத் தண்டுகளைக் கொண்ட பழைய போர்ஷே 911 தானுந்துகள் சமதளத்தில் நிற்கும்போது ஒரு பக்கமோ ஒரு மூலையோ தாழ்ந்து காணப்படும் நிலை ஆகும். செருமனியின் போர்ஷே நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய இந்த ஸ்போர்ட்ஸ் காரில் 1989 வரை சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகள் பயன்பட்டன.

அமைப்பு

முன்புறத் தண்டுகள் வண்டியின் நீளவாக்கிலும், பின்புறத் தண்டுகள் ஒரு குறுக்குக் குழாயினுள்ளும் உள்ளன. தண்டின் ஒரு முனை உடற்கூட்டுடன் பிணைந்திருக்க, மறுமுனையைச் சக்கரத்தின் கை முறுக்குகிறது. இம்முறுக்கே எடையைத் தாங்குகிறது. இடப்பக்கத் தண்டை வலப்பக்கத்தில் மாற்றிப் பொருத்தக் கூடாது.

கண்டறிதல்

தாழ்ந்த மூலையில்தான் பழுது உள்ளது எனக் கொள்வது பரவலான தவறு. முன் வலப்பக்கத் திருகு அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருந்தால், அதற்குக் குறுக்கே எதிரில் உள்ள பின் இட மூலை தாழும். அவ்விரு சக்கரங்களும் மிகுதியான எடையைச் சுமப்பதால் வண்டி இடப்புறமும் வலப்புறமும் வெவ்வேறு விதமாகத் திரும்பும்; கடுமையாகத் தடையிடும்போது எடை குறைந்த முன்சக்கரம் முதலில் இறுகி வழுக்கும்.

முதலில் இரு பக்க டயர்களின் அளவும் காற்றழுத்தமும் ஒப்பிடப்படுகின்றன. ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியைச் சிறிது உருட்டிய பின்னரே அளக்க வேண்டும். சக்கர வளைவின் விளிம்பிலிருந்து அளப்பது நம்பத்தக்கதன்று. விபத்துக்குப் பின் தகடு மாற்றப்பட்ட வண்டிகள் பல. முறுக்குத் தண்டின் மையத்திற்கும் சக்கர மையத்திற்கும் உள்ள உயர வேறுபாடே சரியான அளவாகும்.

அடுத்து, சாய்வுத் தடுப்புத் தண்டின் இணைப்புகள் கழற்றப்படுகின்றன. பின்னர் முன்புறத்தை நடுவே ஒரே புள்ளியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினால், முன் தண்டுகளின் செல்வாக்கு நீங்கும். அப்போதும் வண்டி சாய்ந்தே நின்றால் குறை பின்புறத்தில் உள்ளது; நிமிர்ந்தால் முன்புறத்தில் உள்ளது. உயர்த்திய வண்டியின் அடியில் எவரும் செல்லலாகாது.

காரணங்கள்

பழுதுபார்ப்பின்போது பின் தண்டைத் தவறான பல்லில் பொருத்துவது முக்கியக் காரணம். தண்டின் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. உள்ளே ஒரு பல் 9 பாகை, வெளியே ஒரு பல் ஏறத்தாழ 8 பாகை 11 கலை. உள்முனையை ஒரு திசையிலும் வெளிமுனையை எதிர்த்திசையிலும் ஒவ்வொரு பல் நகர்த்தினால் கிடைக்கும் மாற்றம் சுமார் 49 கலை மட்டுமே. ஒரு முனையை மட்டும் நகர்த்தியவர் உயரத்தைப் பெரிதும் மாற்றிவிடுகிறார். ரப்பர் புஷ்கள் தேய்ந்து நசுங்குவதாலும் உயரம் குறையும்.

துரு இவையனைத்திலும் ஆபத்தானது. முன் கைகள் பொருந்தும் அடித்தகடு அரிக்கப்பட்டால் தண்டின் பிடிப்பே நகர்கிறது. மேற்பூச்சு உரிந்து துருப்பிடித்த தண்டு முறியவும் கூடும். இந்நிலையில் திருகைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்தால் பழுது மறைந்து நிற்கும். எனவே தகட்டைச் சோதித்த பிறகே திருகைத் தொட வேண்டும். உயரத்துடன் சக்கரங்களின் சாய்கோணமும் மாறுவதால், வீல் அலைன்மென்ட் இறுதியில் செய்யப்படுகிறது.