மெஷினை ஜெயித்த கதை

மலர்க் குழுவினர் வந்து, "பழைய நினைவா இருந்தாலும் சரி, அறிவியலா இருந்தாலும் சரி, ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் என்னிடம் ஒரு சரித்திரமும் இருக்கிறது, ஒரு குற்ற ஒப்புதலும் இருக்கிறது.

1991-ஆம் ஆண்டு. நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் வந்த புதிது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏதோ கோயில் கருவறை மாதிரி ஒரு குளிர்ச்சி! பச்சை எழுத்து ஓடும் திரைகள். சீனியர் ஒருவர் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியில் ஒரு செஸ் புரோகிராம் கொண்டுவந்தார். அதில் லெவல் ஒன்று முதல் எட்டு வரை இருந்தது. லெவல் ஒன்றில் நாம் காயை நகர்த்திய மறு நொடியே பதில் வரும். லெவல் எட்டில் நகர்த்திவிட்டு கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் யோசித்துக்கொண்டிருக்கும்.

என் அறைத்தோழன் (பெயர் எழுதமாட்டேன், அவனுக்கே தெரியும்) விடுதியிலேயே சிறந்த ஆட்டக்காரன். பத்து ஆட்டம் ஆடினால் ஒன்பதில் என்னை மண்ணைக் கவ்வ வைப்பான். பத்தாவது ஆட்டம் கரண்ட் போனதால் நின்றிருக்கும்.

என் பொய்க்கு வருமுன் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய மாணவர்களுக்குப் பயன்படும்.

சதுரங்கம் ஆடும் முதல் 'இயந்திரம்' ஒரு மோசடி. 1770-இல் வியன்னாவில் கெம்பெலன் என்பவர், மகாராணி மரியா தெரேசாவின் முன் தலைப்பாகை கட்டிய துருக்கியப் பொம்மை ஒன்றை ஆடவைத்துக் காட்டினார். பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்தான்! ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றி வந்த அந்தப் பொம்மை 1854-இல் ஃபிலடெல்ஃபியாவில் தீயில் எரிந்து போனது. உள்ளே ஆளில்லாமல் உண்மையாகவே ஆடிய கருவியை 1912-இல் உருவாக்கியவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் டோரஸ் கெவேடோ. அதற்குத் தெரிந்தது ஒரு ராஜாவும் ஒரு யானையும் வைத்து எதிரியின் தனி ராஜாவை மடக்குவது மட்டுமே. ஆனால் அதில் ஏமாற்று இல்லை.

1950-இல் கிளாட் ஷானன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் எப்படிச் செஸ் ஆடலாம் என்பதற்கு அதுதான் அடித்தளம். அவர் கணக்கு எளியது. ஒரு நிலையில் சராசரியாக முப்பது நகர்வுகள் சாத்தியம். நாம் ஒன்று, எதிராளி ஒன்று என்று பார்த்தால் சுமார் ஆயிரம் வழிகள். இருவரும் இரண்டிரண்டு என்றால் பத்து லட்சம். மும்மூன்று என்றால் நூறு கோடி! ஆட்டம் முழுவதையும் பார்ப்பதென்றால் 1-ஐ அடுத்து 120 சைபர் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதைத்தான் பிற்காலத்தில் 'லெவல்' என்று எழுதி நம் கையில் கொடுத்தார்கள். வேண்டாத கிளைகளை வெட்டிவிடும் உத்திகள் பிறகு வந்தன. என்றாலும் ஒவ்வொரு படி ஆழத்துக்கும் நேரம் பல மடங்காகிற கதை மாறவில்லை. நாங்கள் டீ குடிக்கப் போனதன் காரணம் அதுதான்.

1952-இல் ஆலன் டூரிங் தன் செஸ் விதிகளைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, தானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு ஆட்டம் ஆடினார். 29-ஆவது நகர்வில் தோற்றார்.

வீட்டுக்குள் செஸ் வந்தது எழுபதுகளின் பின்பாதியில்தான். 1976-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் எழுதிய 'மைக்ரோசெஸ்', ஏறத்தாழ ஒரு கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியது. அதிலேயே மூன்று வேகங்கள் உண்டு. 1977-இல் ஃபிடெலிட்டி நிறுவனம் 'செஸ் சேலஞ்சர்' பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த மாடல்களுக்கு 3, 10 என்று பெயரிலேயே லெவல் எண்ணிக்கையைச் சேர்த்தார்கள். வாங்குபவர்கள் உலக சாம்பியன்கள் அல்லவே! ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஆட்டம் போட நினைக்கும் சாதாரண மனிதர்கள். எப்போதும் தோற்கடிக்கும் பெட்டியை யார் காசு கொடுத்து வாங்குவார்?

இனி என் கதை.

லெவல் ஒன்றில் ஆடும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். நான் அதே நகர்வுகளை வைத்தால் அதுவும் அதே பதிலைத்தான் வைக்கிறது. தவிர, ஓரிரு நகர்வுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. சும்மா கிடக்கிற சிப்பாயைக் கண்டால் ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். நாலு நாளில் பத்தொன்பது நகர்வில் மேட் ஆகிற ஒரு ஆட்டத்தை மனப்பாடமே செய்துவிட்டேன். ஆடி முடித்து, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் கர்ர் கர்ர் என்று அச்சும் எடுத்தேன். ஓரத்தில் ஓட்டை போட்ட அந்தத் தாளில் நகர்வுகள் எல்லாம் இருந்தன. லெவல் மட்டும் இல்லை.

விடுதியில் எவனோ கேட்டான்: "எந்த லெவல்டா?" வாய் தானாகச் சொன்னது: "எட்டு."

தாள் நோட்டீஸ் போர்டில் ஏறியது. மூன்று நாள் மெஸ்ஸில் எனக்குத் தனி மரியாதை. என் தோழன் மட்டும் எதுவும் பேசவில்லை. ஒரு வாரம் தினமும் லேபுக்குப் போய் லெவல் எட்டோடு ஆடி, எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பினான். அந்த மாதம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு நம் அணியில் ஒரே ஒரு இடம் மீதம் இருந்தது. நியாயமாக அது அவனுடையது. அவன் சொன்னான்: "மெஷினையே மேட் பண்ணவன் நீ. நீ போடா. எனக்கு அவ்ளோ மூளை இல்ல."

போனேன். ஐந்து சுற்றில் அரைப் புள்ளி. அந்த அரையும் எதிராளிக்குக் காய்ச்சல் என்பதால் வந்தது! திரும்பி வந்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் அதற்குப் பிறகு கல்லூரி முடியும்வரை பலகையைத் தொடவில்லை.

வெளியுலகில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. 1994-இல் லண்டனில் நடந்த விரைவுப் போட்டியில் 'செஸ் ஜீனியஸ்' என்ற புரோகிராம் காஸ்பரோவை வெளியேற்றியது. அதை அரையிறுதியில் வீழ்த்தியவர் நம் விஸ்வநாதன் ஆனந்த்! அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1997 மே 11 அன்று நியூயார்க்கில், நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் ஐ.பி.எம்.மின் 'டீப் ப்ளூ' காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது.

ஜெயிக்கிற பிரச்சினை தீர்ந்ததும் அதைவிடக் கஷ்டமான ஒன்று முன்னால் வந்தது. இயந்திரத்தை மனிதனைப் போலத் தோற்கவைப்பது எப்படி? 2008-இல் வெளிவந்த 'ஸ்டாக்ஃபிஷ்' எந்தச் சாம்பியனையும் ஊதித் தள்ளும். அதன் திறனை 0 முதல் 20 வரை மாற்றலாம். கீழ்ப்படிகளில் அது நல்ல நகர்வைத் தெரிந்துகொண்டே, சில சமயம் வேண்டுமென்று மட்டமானதை எடுக்கும். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்து நகர்வு சாம்பியன் மாதிரி ஆடிவிட்டு, பதினோராவதில் காரணமே இல்லாமல் குதிரையைத் தாரை வார்க்கும். அது தவறு அல்ல, பிச்சை. நாம் தவறு செய்வது அப்படியில்லை. ஆசைப்பட்டு, அவசரப்பட்டு, பயந்துபோய்ச் செய்கிறோம்.

2020-இல் வந்த 'மாயா' என்ற நிரல் வேறு வழியில் போனது. கோடிக்கணக்கான வழிகளைத் தேடாமல், சாதாரண மனிதர்கள் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்களைப் படித்து, இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று ஊகிக்கக் கற்றது. 1100 தரம் முதல் 1900 தரம் வரை ஒன்பது வடிவங்கள். அதாவது 1770-இல் பெட்டிக்குள் மனிதனை ஒளித்துவைத்தார்கள். 250 வருஷம் கழித்து மனிதனின் தவறுகளை வைத்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன சென்னைப் பையன் குகேஷை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப காலத்தில் செஸ் இன்ஜின் பக்கமே போகவிடவில்லை. முதலில் சொந்த மூளையில் யோசிக்கட்டும் என்பதுதான் காரணம். உங்கள் போனில் லெவலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், வெட்கமில்லை. ஆனால் எந்த லெவல் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

போன வருஷம் நம் பேட்ச் வாட்ஸாப் குழுவில் என் தோழன் எழுதியிருந்தான்: "ரிட்டயர்மென்ட் நெருங்குது, தினம் ராத்திரி போன்ல செஸ் ஆடறேன். லெவல் மூணு. அதுக்கு மேல எனக்கு வராது, தெரிஞ்ச விஷயம்தானே." அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 'தெரிஞ்ச விஷயத்தை' அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

டேய், அது லெவல் ஒன்று. எட்டு இல்லை. உன் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னிப்பாயோ மாட்டாயோ, அச்சில் ஏற்றிவிட்டேன். அந்த நோட்டீஸ் போர்டுத் தாளுக்குப் பதில் தாள் இது.

சங்கமத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் பழைய விடுதி வராந்தாவில் ஒரு பலகையோடு உட்கார்ந்திருப்பேன். வெள்ளைக் காய் உனக்கு. வா.